ஒரு இஞ்சுக்குள் ஒன்பது நூல்

வாசல்படியில் உட்கார்ந்து, விரலில் காய்ந்திருந்த பசையை உரித்துக்கொண்டிருந்தேன். பிளைவுட் ஒட்டுகிற பசை சோப்புக்கெல்லாம் மசியாது. காயவிட்டு, மெல்ல உரித்து எடுக்க வேண்டும். மாலை ஆறரை இருக்கும். மழை விட்டிருந்தது. ஈஜிபுராவில் நாங்கள் குடியிருந்த அந்த இரண்டாவது மாடியில், மழை விட்ட பிறகும் அரைமணி நேரம் நடைபாதைத் தகரம் சொட்டிக்கொண்டிருக்கும்.

கீர்த்தனா பின்னால் வந்து நின்றாள். வந்தது தெரிந்தது, ஆனால் கூப்பிடவில்லை. அம்மா போன பிறகு அவளுக்கு வந்த பழக்கம் அது. நாமாகத் திரும்பிப் பார்க்கிற வரை நின்றுகொண்டே இருப்பாள்.

"என்னடா?"

"ஹோம்வொர்க்."

"செய்."

"வரலப்பா."

நோட்டை நீட்டினாள். ஐந்தாம் வகுப்புக் கணக்கு. மேலே ஒரு எண், நடுவில் கோடு, கீழே ஒரு எண். பக்கம் முழுக்க இப்படியே வரிசையாக நின்றன. நான் பசைக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வாங்கினேன். அந்த நோட்டு என் கைக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

போன வாரம், செல்வியை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பிய அன்று வீடு எப்படி இருந்தது என்று எழுதியிருந்தேன். இந்த வாரம்தான் இந்தத் தொடரைக் கையில் எடுக்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் தச்சன். இருபது வருஷத்துக்கு மேலாகப் பெங்களூரில் அடுத்தவர் வீடுகளுக்கு அலமாரி செய்கிறேன். செல்வி என் மனைவி. மூன்று நாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். கீர்த்தனா எங்களுக்கு ஒரே பெண்.

செல்வியின் இலாகா

படிப்பு என்பது எங்கள் வீட்டில் செல்வியின் இலாகா. கிருஷ்ணகிரியில் பன்னிரண்டாவது வரை படித்தவள். இங்கே கார்மென்ட்ஸில் காலர் தைத்தாள். எட்டு மணி நேரம் மிஷினில் குனிந்த முதுகோடு வந்து, முகம் கழுவி, வெங்காயம் நறுக்கிக்கொண்டே பிள்ளைக்குப் பாடம் பார்ப்பாள்.

அவள் சொல்லிக்கொடுக்கிற முறை எனக்குப் பிடிக்காது. கீர்த்தனா எதைக் கேட்டாலும், "எனக்குத் தெரியலையே, நீ சொல்லு பாக்கலாம்" என்பாள். தெரியாமல் என்ன, நன்றாகவே தெரியும். பிள்ளை தட்டுத்தடுமாறி எதையாவது சொல்லும். "அப்படியா? அது எப்படி?" என்று மறுபடியும் கேட்பாள்.

"தெரிஞ்சா சொல்லிக் குடுத்துட்டுப் போயேன், எதுக்கு இந்த நாடகம்?" என்று ஒருநாள் கத்தியே விட்டேன்.

"நீங்க போய் உங்க ரம்பத்தைத் தீட்டுங்க" என்றாள்.

நான் எட்டாவதோடு நின்றவன். எங்கள் கணக்கு வாத்தியார், கணக்கு வராத பையனின் முட்டியில் ஸ்கேலின் விளிம்பால் அடிப்பார். கேள்வி என்று ஒன்று வந்தால் உடனே ஏதாவது ஒரு பதிலைச் சொல்லிவிட வேண்டும், சும்மா நின்றால் அடி இன்னும் பலமாக விழும். அங்கே நான் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். அந்தக் குணம் இன்றைக்கும் போகவில்லை. வேலை கொடுத்த பார்ட்டி வீட்டில் யாராவது, "இந்த டிராயர் எத்தனை கிலோ தாங்கும்?" என்று கேட்டால், யோசிக்காமல் ஒரு எண்ணைச் சொல்லிவிடுவேன்.

நானே விட்ட சவால்

செல்வியின் தங்கை அமுதா, மல்லேஸ்வரத்தில் இருக்கிறாள். அவளும் புருஷனும் ஆபீஸ் உத்தியோகம், பிள்ளைகள் இல்லை. காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு, அமுதா மட்டும் தங்கிப் பாத்திரங்களைக் கழுவி வைத்தாள். பிறகு ஈரக் கையோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"மாமா, தப்பா நெனைக்கலன்னா ஒன்னு சொல்றேன். கீத்துவை எங்க வீட்டுக்கு அனுப்புங்க. நீங்க சைட்டுக்குப் போனா வர்றதுக்கு ஏழு, எட்டு ஆவுது. அவ படிப்பை யாரு பாக்கறது?"

நல்ல மனசோடு கேட்ட கேள்விதான். இப்போது தெரிகிறது. அன்று எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. பெண்டாட்டியைக் கொண்டுபோய்ப் புதைத்த கையோடு பிள்ளையையும் கேட்கிறாளே என்று இருந்தது.

"ஏன், நான் பாக்க மாட்டனா? அவ அப்பன் நான் உசுரோடதானே இருக்கேன்?"

"நான் அப்படிச் சொல்லல மாமா. கணக்குல அவ கொஞ்சம் வீக்கு. அக்கா இருந்தா…"

"அரைப்பரீட்சை வரட்டும். கணக்குல அவ ஃபெயிலானா, நானே பெட்டியோட கொண்டாந்து உங்க வீட்ல விடறேன். போதுமா?"

யாரும் கேட்காத சவால். அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் கீர்த்தனா நின்றிருந்தாள். அவள் காதில் விழாமல் இருக்க எங்கள் வீடு அவ்வளவு பெரிய வீடு கிடையாது.

அதற்குப் பிறகு மூன்று மாதம். கோரமங்கலாவில் ஒரு பெரிய வேலை ஓடிக்கொண்டிருந்தது. நான் வரும்போது அவள் நோட்டை மூடி வைத்திருப்பாள். "ஹோம்வொர்க் ஆச்சா?" என்றால் "ஆச்சு" என்பாள். நானும் சோறு வடிக்கப் போய்விடுவேன். அவள் தானாக நோட்டை எடுத்துக்கொண்டு வந்தது, பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, இந்தப் பசை உரித்த மாலையில்தான்.

எட்டு நூல்

நோட்டைப் பார்த்ததும் எனக்கு முட்டி வலித்தது. நிஜமாகவே வலித்தது. ஆனால் நான்கைந்து கணக்குகளைப் பார்த்த பிறகு ஒரு சந்தோஷம் வந்தது. அரை, கால், அரைக்கால். அட, இது நம்ம வேலை அல்லவா?

பையிலிருந்து டேப்பை எடுத்து இழுத்தேன். தச்சு வேலையில் ஒரு இஞ்சுக்கு எட்டு நூல். டேப்பில் இஞ்சுக்குள் இருக்கும் சின்னக் கோடுகள்தான் நூல். நாங்கள் பேசுவதே அப்படித்தான். "ஒரு நூல் செதுக்கு", "ரெண்டு நூல் விட்டு ஆணி அடி" என்போம்.

"ஒன் பை டூன்னா அரை இஞ்சு. எத்தனை நூலு? எண்ணு."

"நாலு."

"ஒன் பை ஃபோர்?"

"ரெண்டு."

"ரெண்டையும் சேத்தா?"

"ஆறு நூலு." அவள் முகம் மாறியது. "அப்ப சிக்ஸ் பை எய்ட். அதைச் சுருக்கினா த்ரீ பை ஃபோர். ஐயோ, இவ்ளோதானா?"

"இவ்ளோதான்."

மடமடவென்று போட்டாள். டேப்பை அவளே இழுத்துப் பிடித்துக்கொண்டாள். செல்வி போன பிறகு அந்த வீட்டில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு காரியம் செய்தது அன்றுதான். என் தோளில் அவள் தலை இடித்துக்கொண்டிருந்தது. தேங்காய் எண்ணெய் வாசம் வந்தது. அவளே வைத்துக்கொண்ட எண்ணெய், நெற்றி வரை வழிந்திருந்தது.

"அப்பா, ஒன் பை த்ரீ எங்க இருக்கு?"

டேப்பைப் பார்த்தேன். இரண்டாவது கோட்டுக்கும் மூன்றாவது கோட்டுக்கும் நடுவில், மூன்றாவதற்குச் சற்று முன்னால் எங்கேயோ இருந்தது. அங்கே கோடு கிடையாது. தொழிலில் இதற்காக நாங்கள் நின்று யோசிப்பதில்லை. மூன்று நூல், கொஞ்சம் இறுக்கி என்போம். கோட்டுக்கு உள்பக்கமாக அறுத்தால் சரியாகிவிடும்.

"மூணு நூலுன்னு வெச்சுக்கோ."

"மிஸ் எல்சிஎம் எடுக்கணும்னு சொன்னாங்கப்பா."

"உங்க மிஸ்ஸு எத்தனை அலமாரி செஞ்சிருக்காங்க? டேப்பு பொய் சொல்லாது. எழுது."

எழுதினாள். மூன்றில் ஒன்றும் நான்கில் ஒன்றும் சேர்ந்தால் மூன்று நூலும் இரண்டு நூலும், ஆக ஐந்து நூல். எட்டில் ஐந்து. எழுதி முடித்துப் பென்சிலைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அப்பா, ஒன் பை த்ரீயை மூணு வாட்டி சேத்தா ஒன்னு வரணும் இல்ல? நீ சொல்ற மாதிரி பாத்தா ஒம்போது நூலு வருது. ஒரு இஞ்சுக்கு எட்டுதானே?"

சரியான கேள்வி. செல்வி இருந்தால் அங்கேயே பிடித்துக்கொண்டிருப்பாள். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"அந்த ஒரு நூலை ரம்பம் தின்னுடும்."

கீர்த்தனா சிரித்தாள். மூன்று மாதத்துக்குப் பிறகு சத்தமாகச் சிரித்தாள். "ரம்பம் தின்னுடுமா? ரம்பத்துக்கு வாய் இருக்கா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பலகையை அறுக்கும்போது ரம்பத்தின் கனத்துக்குக் கொஞ்சம் மரம் தூளாகப் போகும், அதைத்தான் தின்கிறது என்போம். ஆனால் ரம்பம் இருக்கிற மரத்தைத்தான் தின்னும். எட்டு நூல் பலகையில் இல்லாத ஒன்பதாவது நூலை எப்படித் தின்னும்? அது அன்று எனக்கு உறைக்கவில்லை. உறைத்திருந்தாலும் அந்தச் சிரிப்பை நிறுத்த எனக்கு மனசு வந்திருக்காது.

அந்த வாரம் முழுக்க எல்லாக் கணக்கையும் டேப்பை வைத்தே போட்டோம். பரீட்சைக்கு முந்தின வாரம் என்பதால் பள்ளியில் யாரும் அவற்றை வாங்கித் திருத்தவில்லை.

டியூஷன் சார்

பரீட்சை முடிந்து பத்து நாள் கழித்துப் பள்ளியிலிருந்து போன் வந்தது. கணக்கு மிஸ் கன்னடக்காரர், தமிழ் நன்றாகவே பேசுவார். கீர்த்தனாவைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு விடைத்தாளை என் முன்னால் வைத்தார். ஐம்பதுக்குப் பதினாறு. இன்னும் இரண்டு மார்க் வாங்கியிருந்தால் பாஸ்.

"ஹுடுகி தும்ப ஜாணெ சார். பொண்ணு நல்ல புத்திசாலி. ஆனா பாருங்க, தப்பெல்லாம் ஒரே மாதிரி தப்பு. மூணுல ஒண்ணு வர்ற கணக்கு எல்லாமே ராங். எல்லாத்தையும் எட்டால பண்ணிருக்கா. இது எங்க புக்ல இல்ல, நான் சொல்லிக் கொடுக்கல. வீட்ல யார் சொல்லித் தராங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஆனால் எனக்கு முன்னால் நின்றது அந்த அம்மா இல்லை, எங்கள் எட்டாம் வகுப்பு வாத்தியார்தான்.

"பக்கத்துல ஒரு டியூஷன் சார் இருக்காரு மேடம்" என்றேன்.

"டியூஷனை மாத்துங்க சார். தெரியாதவங்க கிட்ட அனுப்பாதீங்க."

"சரிங்க மேடம்."

கீர்த்தனா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். பிறகு தன் ஷூவைப் பார்த்தாள். மிஸ் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். தாளைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அவமானத்தில் எனக்குக் கண் தெரியவில்லை.

வழியில் சுட்ட சோளம் வாங்கிக் கொடுத்தேன். வீடு வரும்வரை அதைக் கையிலேயே வைத்திருந்தாள்.

அன்று மாலை அமுதாவுக்குப் போன் செய்து ஞாயிற்றுக்கிழமை கூட்டி வருகிறேன் என்று சொன்னேன். "மாமா, அன்னிக்கு ஏதோ கோவத்துல சொன்னீங்க. அதெல்லாம் நான் மனசுல வெச்சுக்கல. அவசரம் ஒன்னும் இல்ல" என்றாள். எனக்கு வழிவிட்டுத்தான் பேசினாள். நான் போனை வைத்துவிட்டேன்.

துணிகளை மடித்து வைக்கும்போது கீர்த்தனா கேட்டாள்.

"அடுத்த பரீட்சை வரைக்கும் பாக்கலாமாப்பா? நான் எல்சிஎம் எடுக்கறேன்."

அந்தக் குரலை அப்படியே எழுத எனக்குத் தெரியவில்லை. அழவில்லை. ஏதோ கடைக்காரரிடம் கேட்பது போல மரியாதையாகக் கேட்டாள்.

"சொன்னா சொன்னதுதான்" என்றேன்.

ஊரிலும் தொழிலிலும் எனக்குச் சொன்ன சொல் மாறாதவன் என்று பெயர். அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொண்டேன். அடியில் ஒரு பயமும் இருந்தது. நான் சொல்லிக்கொடுத்து என் பிள்ளை தோற்றுவிட்டாள், இன்னும் எத்தனை விஷயத்தில் அவளைத் தோற்கடிப்பேனோ என்கிற பயம். அதை அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பஸ், ஒரு மெட்ரோ. மல்லேஸ்வரத்தில் அந்த வீட்டு வாசலில் காபி மணம் அடித்தது. பெட்டியை உள்ளே வைத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினேன்.

சாய்ந்த டேப்

இதெல்லாம் நடந்து சில வருஷம் ஆகிவிட்டது. நான் இன்னமும் அதே ஈஜிபுரா வீட்டில்தான் இருக்கிறேன். போன மழைக்காலத்தில் ஒரு வீட்டுக்குப் புத்தக அலமாரி செய்துகொண்டிருந்தேன். எட்டு இஞ்சு அகலப் பலகை ஒன்றைச் சரியாக மூன்றாகப் பிரிக்க வேண்டும்.

இதற்கு எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. எட்டை மூன்றால் வகுக்க மாட்டோம். டேப்பின் நுனியைப் பலகையின் ஒரு விளிம்பில் வைத்துக்கொண்டு, மறு விளிம்பில் ஒன்பது வருகிற வரை டேப்பைச் சாய்ப்போம். ஒன்பது வந்ததும் மூன்றிலும் ஆறிலும் பென்சிலால் புள்ளி வைப்போம். அந்தப் புள்ளிகளில் பலகை மூன்று சமபாகமாகப் பிரிந்துவிடும். ஒரு நூல்கூடப் பிசகாது. ஆயிரம் தடவை செய்திருப்பேன்.

அன்றும் கை தானாக டேப்பைச் சாய்த்தது. ஒன்பதைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது.

எட்டுக்குள் ஒன்பது எப்படி வரும் என்றுதானே பிள்ளை கேட்டாள்? இப்படித்தான் வரும். இத்தனை வருஷமாக என் கையில் இருந்த பதில். அன்று கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு, "தெரியலையே, ரெண்டு பேரும் பாக்கலாம்" என்று சொல்லியிருந்தால், ஒரு பலகையை எடுத்துப் போட்டுத் தேடியிருப்போம். கிடைத்திருக்கும்.

அன்று சீக்கிரமே வேலையை முடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பீரோவுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கவரில் அந்த விடைத்தாள் இருந்தது. அன்று மடித்த மடிப்போடு அப்படியே இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல்முறையாக அதைப் படித்தேன்.

மூன்றில் ஒன்றும் நான்கில் ஒன்றும் கூட்டுகிற கணக்கு. அவள் எழுதிய விடை 5/8. அதன் மேல் சிவப்புப் பெருக்கல் குறி. பக்கத்தில் மிஸ் சிவப்பு மையில் சரியான விடையை எழுதியிருந்தார்: 7/12.

அவள் விடைக்குக் கீழே, ஓரத்தில், பரீட்சையின்போதே பென்சிலில் போட்டுப் பார்த்த கீர்த்தனாவின் சின்ன எழுத்து. எல்சிஎம் எடுத்து வரிவரியாகப் போட்டிருந்தாள். கடைசி வரியில் 7/12 என்று எழுதியிருந்தாள். அதன்மேல் ஒரு கோடு போட்டு அடித்திருந்தாள். பக்கத்தில் எட்டுச் சின்னக் கோடுகளோடு ஒரு குட்டி டேப் வரைந்திருந்தாள்.

அடுத்த கணக்கைப் பார்த்தேன். அங்கேயும் ஓரத்தில் சரியான விடை. அதையும் அடித்திருந்தாள். அதற்கடுத்ததிலும் அப்படியே. அவளுக்குக் கணக்கு தெரிந்திருந்தது. பரீட்சையில் தோற்றால் என்ன ஆகும் என்பதும் தெரிந்திருந்தது. அத்தனையும் தெரிந்துகொண்டு, டேப் பொய் சொல்லாது என்ற அப்பனை நம்பி, சரியானதை அடித்துவிட்டுத் தப்பை எழுதியிருக்கிறாள்.



ஞாயிற்றுக்கிழமை

அந்த வாரம் மல்லேஸ்வரம் போகும்போது சட்டைப் பையில் அந்தத் தாள், பேன்ட் பையில் டேப். "வாங்கப்பா" என்று கதவைத் திறந்தாள். அங்கே போன பிறகு எப்போதோ "வாங்க, போங்க" ஆகிவிட்டது. ஒன்பதாம் வகுப்பு. என் தோள் உயரத்துக்கு வந்துவிட்டாள். தலையில் எண்ணெய் அளவாக இருந்தது.

அவள் மேஜையிலிருந்த அட்டையை எடுத்து அதன் மேல் டேப்பைச் சாய்த்துக் காட்டினேன். என்னமோ நேற்று விட்ட பாடத்தைத் தொடர்கிற மாதிரி.

"இங்க பாரு. அகலம் எட்டு. சாய்ச்சா ஒம்போது. மூணுல ஒரு புள்ளி, ஆறுல ஒரு புள்ளி…"

"சிமிலர் ட்ரையாங்கிள்ஸ்பா" என்றாள். "நாங்க படிச்சுட்டோம்." நான் டேப்பைச் சுருட்டுவதைப் பார்த்ததும், "ஆனா டேப்ல செஞ்சா சூப்பரா இருக்கு" என்று சேர்த்துக்கொண்டாள்.

தாளை எடுத்து விரித்து வைத்தேன். அடித்திருந்த 7/12 மேல் விரலை வைத்தேன். ஏன் அடித்தாய் என்று கேட்கத்தான் வந்தேன். அதைக் கேட்காமல், தாளை அவள் பக்கம் நகர்த்தினேன்.

அவள் தாளைப் பார்த்தாள். சமையலறையில் அமுதா பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. கீர்த்தனா தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்து, என் சட்டைப் பையில் வைத்து, பையை ஒருமுறை தட்டினாள்.

"விடுங்கப்பா" என்றாள். "அது அந்த டியூஷன் சார் செஞ்ச தப்பு. நீங்க என்ன பண்ணுவீங்க?"